இலவம் பஞ்சில் கொட்டை நீக்கும் கைப்பொறி: செய்யும் முறையும் ஓட்டும் முறையும்

பங்குனி பிறந்ததும் இலவமரத்தில் காய்கள் பழுப்பேறி வெடிக்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் இன்னமும் சில வளவுகளின் மூலைகளில் அந்த மரம் நிற்கிறது. ஆனால் அதன் பஞ்சை எடுத்துத் தலகணியும் மெத்தையும் தைத்துக்கொள்ளும் வீடுகள் குறைந்துவிட்டன. பஞ்சு வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. செயற்கை நார் அடைத்த தலகணி வெயில் காலத்து இரவுகளில் எப்படிச் சூடேறும் என்பது எல்லோருக்கும் தெரியும். தடையாக நிற்பது கொட்டை நீக்கும் வேலைதான். ஒரு தலகணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பஞ்சு வேண்டும். அதைக் கையால் கிள்ளிக் கிள்ளிச் சுத்தம் செய்தால் ஒரு பகல் முழுவதும் அதிலேயே போய்விடும். பழைய துவிச்சக்கரவண்டி ஒன்றின் உறுப்புகளைக் கொண்டு நான் செய்துகொண்ட கைப்பொறி அந்த வேலையை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துத் தருகிறது. மூன்று பருவங்களாக அதை ஓட்டிப் பார்த்துத் திருத்திய பிறகே இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

பொறியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர், பஞ்சுக்குள் கொட்டை எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறியின் வடிவம் முழுவதும் அதிலிருந்துதான் பிறக்கிறது. முற்றிய காய் ஒன்றை எடுத்துப் பிளந்தால் அதன் ஓடு ஐந்து இதழ்களாகப் பிரியும். உள்ளே, சற்று மஞ்சள் படர்ந்து பட்டுப்போல மினுங்கும் பஞ்சு நெருக்கமாக அடைந்திருக்கும். அந்தப் பஞ்சுக்குள் மிளகை விடச் சற்றுப் பெரிய கருங்கொட்டைகள் புதைந்து கிடக்கும். ஒரு கொட்டையை இரு விரல்களால் பிடித்து எடுத்துப் பாருங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் தனியே வந்துவிடும். பருத்தியில் அப்படி வராது. பருத்தி நார் கொட்டையின் தோலிலிருந்தே முளைப்பதால் அதை இழுத்துத்தான் பிரிக்க வேண்டும்; உருளைகளுக்கிடையே நாரை இழுக்கும் பழைய பொறிகளும், 1794 இல் அமெரிக்காவில் எலி விட்னி உரிமம் பெற்ற பற்பொறியும் அந்தத் தேவையால் உண்டானவை. இலவம் பஞ்சின் நாரோ ஓட்டின் உட்சுவரில் முளைக்கிறது. கொட்டை அதற்குள் கிடக்கிறதே தவிர, அதனோடு ஒட்டியிருக்கவில்லை.

செம்மறியாட்டுக் கம்பளியில் ஏறும் முட்காய்களின் நிலை இந்த இரண்டுக்கும் வேறானது. நம்மூர்ச் செம்மறிக்கு உடம்பில் மயிர்தான், கம்பளி கிடையாது. ஆகையால் நாம் அதைக் கண்டதில்லை. அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் மேய்ச்சல் நிலங்களில் வளரும் ஒருவகைப் பூண்டின் காய், நத்தைச் சுருள்போலச் சுருண்டு ஓரமெல்லாம் கொக்கி முட்களோடு இருக்கும். நாயுருவி வேட்டியில் ஏறுவதைப்போல அது கம்பளியில் ஏறிப் பின்னிக்கொள்ளும். எவ்வளவு உதறினாலும் விழாது. அதை நீக்கும் பொறியில், நெருங்கிய பற்களையுடைய ஓர் உருளை கம்பளியைத் தன் பற்களுக்கிடையே உள்ளிழுத்துப் பதித்துக்கொள்ளும். பருத்த முட்காய் அந்த இடைவெளிக்குள் இறங்க முடியாமல் மேலே துருத்திக்கொண்டு நிற்க, மிக அருகில் வேகமாகச் சுழலும் தகடுகள் அதை அடித்து வெளியே எறியும். அதற்கும் தப்பிய துணுக்குகளைக் கந்தக அமிலத்தில் தோய்த்துச் சூடேற்றி, கருகி நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவந்து, நசுக்கி உதறுவார்கள்.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம், நான் செய்த முதற் பொறி அந்தக் கம்பளிப் பொறியைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதே. மர உருளை முழுவதும் ஆணி அறைந்து, பற்கள் இருந்தால் எதையும் சுத்தம் செய்யலாம் என்று நம்பினேன். கொட்டை விழுந்தது; ஆனால் பஞ்சும் நொறுங்கியது. இலவ நார் என்பது உள்ளே காற்று மட்டுமே உள்ள மெல்லிய குழாய். மேற்புறம் மெழுகு படர்ந்து வழுவழுப்பாக இருக்கும். நீளம் பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு உட்பட்டது. அந்தக் குழாய்க்குள் நிற்கும் காற்றுத்தான் தலகணிக்கு மென்மையையும், முற்காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளுக்கு மிதக்கும் வலிமையையும் தந்தது. நல்ல இலவம் பஞ்சு தன் எடையைப் போல முப்பது மடங்கு எடையை நீரில் தாங்கும் என்பார்கள். ஆணி அந்தக் குழாய்களை ஒடித்துத் துண்டுகளாக்கிவிட்டது. அந்தப் பஞ்சை அடைத்த தலகணி இரண்டே மாதத்தில் தட்டையாகிப்போனது. தட்டிய போதெல்லாம் துணியின் இழைகளுக்கூடாக வெண்தூள் கக்கியது.

அந்தத் தலகணியைத் தடவிப் பார்த்த பெரியம்மா, மறுநாள் ஒரு கடகத்தில் கொட்டையோடு கூடிய பஞ்சைப் பாதியளவுக்கு நிரப்பி, அடியில் இரண்டு குறுக்குக் குச்சிகள் கட்டிய ஒரு தடியை அதனுள் நிறுத்தி, தயிர் கடைவதைப்போல இரு உள்ளங்கைகளுக்கும் இடையே உருட்டத் தொடங்கினார். பஞ்சு பொங்கிக் கடகத்தின் விளிம்புக்கு ஏறியது. சிறிது நேரம் கழித்துப் பஞ்சை மேலாக அள்ளி எடுத்துவிட்டுக் கடகத்தைச் சரித்துக் காட்டினார். அடியில் இரண்டு கைப்பிடி கொட்டை கிடந்தது. "பஞ்சைப் பிய்க்காத பிள்ளை, உலுப்பிவிடு. கொட்டை தானா இறங்கும்" என்றார். இப்போதுள்ள பொறி அந்த மத்தைப் படுக்கையாகக் கிடத்தி, கடகத்தின் அடியைச் சல்லடையாக்கியதே அன்றி வேறில்லை.

பொறியைச் செய்தல்

பொறி நான்கு கால்களில் நிற்கும் ஒரு மரப் பெட்டி. உள்ளளவாக நீளம் 24 அங்குலமும் அகலம் 20 அங்குலமும் இருக்க வேண்டும். பெட்டியின் அடிப்பாகம் தட்டையாக இராது. அரைவட்டமாக வளைத்த கம்பி வலைதான் அதன் அடி. நெடுக்கே அதன் நடுவில் அச்சு ஒன்று கிடக்கும். அச்சிலே குச்சிகள் செருகப்பட்டிருக்கும். அச்சு நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் நின்றுகொண்டு கைபிடியைச் சுழற்றுவதற்கும் வசதி, வலைக்குக் கீழே தட்டு வைப்பதற்கும் இடம் கிடைக்கும். அச்சுக்கு மேலே பெட்டி இன்னும் 14 அங்குலம் உயர்ந்து, கீல் வைத்த மூடியோடு முடியும். பக்கப் பலகைகளுக்கு முக்கால் அங்குலப் பலகையோ தடித்த பிளைவுட்டோ போதும். உட்புறம் சிலாம்பு எழும்பாத வகையில் தேய்த்திருப்பதே முக்கியம். பனஞ்சலாகையை உட்புறத்தில் பயன்படுத்த வேண்டாம். அதன் வைரத்துக்கு ஈடில்லைதான். கால்களுக்கும் சட்டத்துக்கும் அதைவிட நல்ல மரம் கிடைக்காது. ஆனால் வெட்டு முகத்தில் எழும்பும் கருநார்கள் பஞ்சைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துக்கொள்கின்றன.

வலை அரை அங்குலச் சதுரக் கண்ணுடையதாக, மூலைகள் ஒட்டப்பட்ட கம்பி வலையாக இருக்கட்டும். நகரத்து இரும்புக் கடைகளில் அது அடியளவில் கிடைக்கும். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் அறுகோண வலை பொருந்தாது. அதன் கண் பெரிது, வளைத்தால் வடிவமும் நில்லாது. பத்து அங்குல ஆரையில் அரைவட்டம் வளைப்பதற்கு முப்பத்திரண்டு அங்குலம் வேண்டும். இருபுறமும் பலகையில் மடித்து அடிக்க மேலும் ஒவ்வோர் அங்குலம் விட்டு, 34 அங்குலமாக வெட்டிக்கொள்ள வேண்டும். வளைக்கும்போது கம்பியின் வெட்டு முனைகள் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு முனை உள்ளே நின்றாலும் அதைச் சுற்றிக் குருவிக்கூடு போலப் பஞ்சு கட்டிவிடும்.

அச்சுக்கு இரண்டு அங்குல இரும்புக் குழாய் ஒன்றை 23 அங்குல நீளத்துக்கு வெட்டி, இரு வாய்களிலும் வட்டத் தகடு ஒட்டி, அவற்றின் நடுவில் முக்கால் அங்குல இரும்புக் கம்பியை வெளிநோக்கி ஒட்டித் தருமாறு வெல்டிங் செய்பவரிடம் கேட்க வேண்டும். இரு கம்பிகளும் ஒரே நேர்கோட்டில் அமைவது மிக அவசியம். கோணினால் அச்சு சுழலும்போது பெட்டி ஆடும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோகாதீர்கள். அதை ஒட்டும்போது எழும் புகை ஒட்டுபவருக்குக் கேடு.

குழாயில் அரை அங்குலத் துளைகள் ஒன்பது, இரண்டரை அங்குல இடைவெளியில், ஒரு புறத்திலிருந்து மறுபுறம் ஊடுருவிச் செல்லும்படி இட வேண்டும். ஒவ்வொரு துளையும் முந்தியதற்கு அரைக்கால் வட்டம் திரும்பியிருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் இட்டால் எல்லாக் குச்சிகளும் ஒரே நேரத்தில் பஞ்சை மோதும். கை வலிக்கும், பஞ்சும் திரளும். சுற்றி ஏறும் வரிசையில் இட்டால் மோதல் பங்கிடப்பட்டு, பஞ்சு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல நகர்ந்துகொண்டேயிருக்கும். குச்சிகளுக்கு வேலிப் பூவரசின் நேரான கம்புகளைத் தோலுரித்து நிழலில் உலர்த்தி எடுத்தேன். ஒவ்வொன்றும் 17 அங்குல நீளம். நடுவில் செலுத்தினால் இருபுறமும் ஏறத்தாழ ஏழு அங்குலம் நீளும். முனைகளை முட்டை வடிவில் உருட்டி, சாண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும். தேய்த்தது போதுமா என்பதை அறிய ஒரு வழி உண்டு: ஒரு துளிர்ப் பஞ்சை எடுத்துக் குச்சியின் மேல் நுனிவரை வருடிப் பாருங்கள். ஓர் இழைகூடக் குச்சியில் தங்காமல் வந்தால் போதும். தங்கினால் இன்னும் தேய்க்க வேண்டும். இந்தச் சோதனையில் நான் விட்டுக்கொடுப்பதேயில்லை. பஞ்சின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

குச்சி நுனிக்கும் வலைக்கும் இடையே ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் கொட்டை வலைக்கும் குச்சிக்கும் இடையே நசுங்கி எண்ணெய் கசியும். கூடினால் அடியில் கிடக்கும் பஞ்சு அசையாமல் பாய்போலப் படிந்து வலைக் கண்களை மூடிவிடும்.

சுழலும் குச்சிகள் மட்டும் இருந்தால் பஞ்சு முழுவதும் ஒரே பந்தாகத் திரண்டு அச்சோடு சேர்ந்து சுற்றும். கொட்டை அதற்குள்ளேயே சவாரி செய்யும். இதைத் தடுக்க, பெட்டியின் முன்பலகையில், வலை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, நான்கு அங்குல நீளமான எட்டு அசையாக் குச்சிகளை உள்நோக்கி இறுக்க வேண்டும். சுழலும் குச்சிகளின் பாதைகளுக்கு நடுநடுவே அவை அமைய வேண்டும்; சீப்புக்குள் சீப்பு ஓடுவதைப்போல ஒன்றையொன்று தொடாமல் கடந்து செல்லட்டும். பஞ்சுக் கட்டி இந்த இடத்தில்தான் அவிழும். மத்தைச் சுற்றும்போது கடகத்தின் சொரசொரப்பான ஓலைச் சுவர் செய்த வேலையை இங்கே இந்த எட்டுக் குச்சிகள் செய்கின்றன.

பெட்டியின் பின்பலகையின் மேற்பகுதியில் ஆறு அங்குல உயரமும் பன்னிரண்டு அங்குல அகலமும் உள்ள வாயிலை வெட்டி, மேல்கீழாக வழுக்கும் கதவொன்றைப் பொருத்த வேண்டும். வாயிலின் வெளிப்புறத்தில், பழைய நுளம்பு வலையை இரண்டு மடிப்பாகத் தைத்த ஒரு பெரிய பையைக் கட்ட வேண்டும். சுத்தமான பஞ்சு பறந்து சேரும் இடம் அது. காற்று உள்ளே வருவதற்கு, பக்கப் பலகைகள் இரண்டிலும் அச்சை ஒட்டி, உள்ளங்கை அளவான துளைகள் இரண்டிரண்டு வெட்டி நுளம்பு வலையால் மூடிவிட வேண்டும். அச்சின் இரு கோடிகளிலும் உள்ள குச்சிகளில் இரண்டு அங்குல அகலமான மெல்லிய பலகைத் துண்டுகளைக் கட்டினால் அவை விசிறிபோல வேலை செய்து காற்றை இழுத்து மேலே தள்ளும்.

இனிச் சுழற்றும் பகுதி. மின்சாரம் இன்றி வாழ்ந்த 1990களின் ஆண்டுகளில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்டவர்கள் நாம். ஆகவே இதை விளக்க அதிகம் தேவையில்லை. பெரிய பற்சில்லும் மிதித்தண்டும் சேர்ந்த பகுதியை அச்சிலிருந்து பதினெட்டு அங்குலம் தள்ளிச் சட்டத்தில் இறுக்கி, பின்சில்லின் சிறிய பற்சில்லை அச்சுக் கம்பியில் ஒட்டுவித்து, அதே சங்கிலியால் இரண்டையும் இணைக்க வேண்டும். பெரியதில் 48 பற்களும் சிறியதில் 18 பற்களும் இருந்தால், நிமிடத்துக்கு அறுபது முறை நிதானமாகக் கையைச் சுற்றும்போது அச்சு நூற்றறுபது முறை சுழலும். இலவம் பஞ்சுக்கு அந்த வேகம் போதும். சிறிய பற்சில்லு ஒரு பக்கமாக மட்டுமே பிடிக்கும் என்பதை ஒட்டுவதற்கு முன்னர் கவனிக்க வேண்டும். குச்சிகள் முன்பலகைப் பக்கமாகப் பஞ்சை மேலே தூக்கிச் செல்லும் திசையில் அது பிடிக்க வேண்டும். கையை நிறுத்திய பின்னும் அச்சு சில சுற்றுகள் தானே ஓடும். இது நன்மைதான், ஆயினும் அது நிற்கும் முன் மூடியைத் திறந்து கையை விடுவோர் விரலை இழக்க நேரிடும். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் மூடிக்கு ஒரு கொண்டி போட்டுவிடுங்கள்.

அச்சைத் தாங்கும் பெயரிங்குகள் இரண்டும் பெட்டிக்கு வெளியே, பலகையிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, தனிக் கட்டைகளில் அமைய வேண்டும். அச்சு பலகையைக் கடக்கும் துளையில் பழைய ரியூப்பை வெட்டி இறப்பர் வளையமாக இட்டால் பஞ்சு வெளியேறாது. இழை ஒன்று பெயரிங்கை எட்டினால் அதன் பின்னே நூறு இழைகள் செல்லும்; இறுகச் சுற்றிச் சூடேறும். அந்தச் சூட்டின் அருகே இருப்பது இலவம் பஞ்சு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நெருப்பைப் பற்றி

இதனை வேறெதையும் விட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இலவம் பஞ்சு ஒரு தீப்பொறி பட்டால் கண் இமைக்கும் முன் பற்றும். பொறிக்குள்ளும் பைக்குள்ளும் அது காற்றோடு கலந்து மிதக்கும்போது இன்னும் விரைவாகப் பற்றும். பொறியைக் குசினிக்கும் விளக்குக்கும் தொலைவில், முற்றத்து மர நிழலில் வைத்து ஓட்ட வேண்டும். அருகில் எவரும் புகைக்கக் கூடாது. கையால் சுற்றுவதற்குப் பதிலாகத் துளையிடும் மின்பொறியையோ பழைய தையல் மோட்டரையோ இணைத்துவிடலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவற்றினுள்ளே கரித்துண்டுகள் உரசும் இடத்தில் தீப்பொறி எழுந்துகொண்டேயிருக்கும், இணைக்கவே கூடாது. ஒரு வாளி தண்ணீரும் நனைத்த சாக்கு ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மெழுகுத் தன்மையால் பஞ்சின் மேல் ஊற்றும் நீர் உட்புகாமல் உருண்டு ஓடிவிடும். வெளியே அணைந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். ஆகையால் ஈரச் சாக்கால் மூடி அமுக்கி, பின்னர் திறந்த வெளியில் பிரித்துப் பரப்பி, ஒவ்வொரு கட்டியையும் நீருக்குள் அமிழ்த்த வேண்டும்.

காய் பறித்தலும் உலர்த்தலும்

வாடை அடங்கி, சோழகம் இன்னும் எழாத இடைக்காலத்தில் காய்கள் முற்றுவது நமக்கு வாய்த்த நற்பேறு. காற்று அமைதியாக இருக்கும் காலைப் பொழுதுகள் அப்போது நிறையக் கிடைக்கும். ஓடு முழுவதும் பழுப்பாகி, இன்னும் வெடிக்காத நிலையில் காயைக் கொக்கைத்தடியால் பறிக்க வேண்டும். மரத்தில் ஏற வேண்டாம். இலவங்கிளை பருத்துத் தோன்றினாலும் எளிதில் முறியும், இளமரத்தின் அடியிலோ கூம்பு முட்கள். பச்சையாகப் பறித்த காயின் பஞ்சு ஒளியிழந்து பிசுபிசுக்கும். அதை எந்தப் பொறியாலும் திருத்த முடியாது.

பறித்த காய்களைப் படங்கின் மேல் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டால் ஓடுகள் தாமே வாய் திறக்கும். அந்நேரம் மேலே ஒரு வலையை விரித்துவிடுவது நல்லது. பின்னர் ஓட்டை நீக்கி, நடுத்தண்டிலிருந்து பஞ்சை ஐந்து சுளைகளாகக் கழற்றி எடுக்கலாம். பொறிக்குள் போடுவதற்கு முன் கையால் செய்யவேண்டிய தெரிவு இந்த இடத்தில்தான் இருக்கிறது. நடுத்தண்டின் துணுக்கு, உடைந்த ஓட்டுச் சில்லு, பூஞ்சணம் பிடித்துக் கறுத்த சுளை ஆகியவற்றை அப்போதே ஒதுக்க வேண்டும். ஓட்டுச் சில்லு வலைக் கண்ணில் இறங்காது; பஞ்சோடு சேர்ந்து பையை அடைந்து, பிறகு எவருடைய கன்னத்தையாவது குத்தும்.

தெரிந்த பஞ்சை வலைப் பையில் இட்டு அரை நாள் வெயில் காட்டினால் போதும். ஈரம் இருந்தால் பஞ்சு கொட்டையைச் சுற்றி இறுகிக்கொள்ளும். உச்சி வெயிலில் பல நாள் காய்ந்தாலோ நார் முறுகி ஒடியத் தொடங்கும். கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கி விடுங்கள். மெதுவாகப் பொங்கி முழுதாக எழுந்தால் பதம் சரி. எழாமல் கிடந்தால் இன்னும் வெயில் வேண்டும். அமுக்கும்போதே நெறுநெறுத்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது என்று கொண்டு, ஓரிரவு வீட்டுக்குள் வைத்தெடுக்க வேண்டும்.

ஓட்டுதல்

ஒருவர் சுழற்ற, ஒருவர் பஞ்சு போடுவதென்றால் வேலை ஓடும். இருவரும் மூக்கையும் வாயையும் சற்று நனைத்த துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இழை நெஞ்சுக்குள் போனால் இரவு முழுவதும் இருமல்தான். இழைப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கு நிற்காமல் இருப்பதே நல்லது.

பின்கதவை மூடிவிட்டு, இரு கைகளால் தளர்வாக அள்ளும் அளவு பஞ்சைச் சுளைசுளையாக உதிர்த்து உள்ளே போட்டு மூடியை இறுக்க வேண்டும். நூறு கிராமுக்கு மேல் வேண்டாம். அதிகம் போட்டால் விரைவில் முடியும் என்று தோன்றும். உண்மையில் பஞ்சுக்கு விரிய இடம் இல்லாமல் போய், இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். வலைக்குக் கீழே கொட்டை விழும் தட்டுக்குப் பிஸ்கட் தகரத்தை விரித்துச் செய்த தட்டையே நான் வைத்திருக்கிறேன். பலகைத் தட்டும் வைக்கலாம், ஆனால் தகரம் பேசும். கைபிடியைச் சுற்றத் தொடங்கியதும் முதல் மழைத்துளிகள் தகரக் கூரையில் விழுவதைப்போல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம் கேட்கும். பத்துப் பதினைந்து சுற்றுக்குள் அது சடசடவென்று கூடும். பிறகு குறையும். ஒரு மூச்சுவிடும் நேரத்துக்கு ஒரு கொட்டைகூட விழாத நிலை வந்ததும் இன்னும் பத்துச் சுற்றுச் சுற்றி, உடன் நிற்பவரைப் பின்கதவை உயர்த்தச் சொல்லிவிட்டு, கையின் வேகத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். இப்போது சுமை இழந்த பஞ்சு காற்றில் எழுந்து, வாயிலைக் கடந்து, வெள்ளை வெளேரென்று பைக்குள் பொங்கிச் சேரும். கொட்டையோடு இருக்கும் சில கட்டிகள் பாரத்தால் எழாமல் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த கைப்பிடியோடு சேர்ந்து அவையும் அவிழும். இப்படிப் பெட்டி தானே தரம் பிரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

நேரத்தைக் கொண்டு அளக்க வேண்டாம், செவியைக் கொண்டு அளவுங்கள் என்பதே என் கருத்து. பஞ்சின் பதம் நாளுக்கு நாள் மாறும்; ஒரு நாள் முக்கால் நிமிடத்தில் அடங்கும் சத்தம் மறுநாள் இரண்டு நிமிடம் நீளும். சத்தம் அடங்கிய பின்னும் சுற்றிக்கொண்டேயிருப்பது பஞ்சை வீணே ஒடிப்பதாகும்.

பையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காலை வெயிலுக்கு எதிரே உயர்த்திப் பார்த்தால் எஞ்சிய கொட்டை கரும்புள்ளியாகத் தெரியும். ஒரு பிடிக்கு ஒன்றிரண்டு இருந்தால் கையால் எடுத்துவிடலாம். அதற்கு மேல் இருந்தால் மீண்டும் போடுவதைவிட, குச்சிக்கும் வலைக்கும் உள்ள இடைவெளியையும் வலைக் கண்கள் அடைபட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கொட்டை விழுவதே இல்லையென்றால் பஞ்சு ஈரமாக இருக்கிறது. தட்டில் கொட்டையோடு பஞ்சும் அதிகமாக விழுந்தால் வேகம் மிகுந்துவிட்டது. சிறிதளவு பஞ்சு விழுவது இயல்பு. அதைச் சுளகில் இட்டுப் புடைத்தால் பஞ்சு முன்னால் பறந்து கொட்டை பின்னால் தங்கும். எஞ்சிய கொட்டை அற்பம்தானே என்று விடக் கூடாது. அதில் எண்ணெய் இருக்கிறது. தலையின் பாரத்தில் நசுங்கி உறையில் மஞ்சள் கறை ஏற்றும், நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், எலியையும் அழைக்கும்.

பழைய தலகணிப் பஞ்சையும் இந்தப் பொறியில் இட்டு உலுப்பி எடுக்கலாம். ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் சுற்ற வேண்டாம். பல ஆண்டு அமுங்கிய நார் ஏற்கெனவே முறிந்திருக்கும். தூள் அதிகமாகப் பறக்கும். புதுப் பஞ்சோடு பாதிக்குப் பாதி கலந்து அடைப்பதே நல்ல பயன் தரும்.

சேர்ந்த பஞ்சை அன்றைக்கே அடைத்துவிடுங்கள். உறைத்துணி நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். உட்புறமாகத் தையலின் மேல் மெழுகுதிரியை ஒருமுறை தேய்த்துவிட்டால் ஊசித் துளைகளில் இழை வெளிவராது. மூலைகளை முதலில் நிரப்பி, பின்னர் நடுவை நிரப்பி, கையால் அமுக்கினால் மெல்ல எதிர்த்து எழும் அளவுக்கு அடைக்க வேண்டும். ஓரிரு மாதத்தில் அது கொஞ்சம் தணியும். ஆகையால் ஒரு முனையில் ஒரு சாண் அளவைக் கைத்தையலாக விட்டுவைத்தால் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம்.

பருவம் முடிந்ததும் பொறியை அப்படியே மூலையில் தள்ளிவிடாமல், வலையைத் தும்புத்தடியால் தட்டி, குச்சிகளின் அடியில் சுற்றிய இழைகளைக் கத்தி நுனியால் அறுத்தெடுத்து, பெயரிங்குகளையும் சங்கிலியையும் துடைத்து எண்ணெயிட்டு வைக்க வேண்டும். எண்ணெய் சொட்டாக இருக்கட்டும். வழிந்தால் அடுத்த பங்குனியில் முதல் பை பஞ்சு முழுவதும் கறையாகும். ஐப்பசி மழைக்கு முன்னர் பொறியைச் சாக்கால் மூடி, கால்களுக்கு அடியில் நான்கு கற்களை வைத்து உயர்த்திவிட்டால் சீமெந்து நிலத்தின் ஈரமும் கறையானும் மரத்தை எட்டாது.